வீட்டு வைஃபை மெதுவாக வருகிறதா, அடிக்கடி துண்டிக்கப்படுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

வீட்டில் இணையம் மெதுவாக வருகிறது என்றதும் பலர் கூடுதல் வேகமுள்ள திட்டத்துக்கு மாறுகிறார்கள், அல்லது கடைக்குப் போய் விலை உயர்ந்த ரவுட்டர் ஒன்றை வாங்கி வருகிறார்கள். இரண்டிலும் பணம் செலவாகிறது. பழுதோ பல வீடுகளில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர் இணைப்பு வேறு, அதை ரவுட்டரிலிருந்து கைபேசிக்குக் காற்றின் வழியே கொண்டுசேர்க்கும் வைஃபை வேறு. இவ்விரண்டில் எது சரியில்லை என்று பிரித்தறிவதற்கு முன் எதையும் வாங்க வேண்டாம், எந்தத் திட்டத்துக்கும் மாற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

மடிக்கணினி ஒன்றை லேன் கேபிள் மூலம் ரவுட்டரில் நேரடியாக இணைத்து, அதன் வைஃபையை அணைத்துவிட்டு, வேகச் சோதனை செய்யுங்கள். அப்போது வீட்டில் வேறு யாரும் படம் பார்க்கவோ பதிவிறக்கவோ கூடாது. கிடைத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கேபிளைக் கழற்றி, ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் அமர்ந்து, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (ரவுட்டர் பரப்பும் 2.4, 5 என்ற இரு அலைவரிசைகளில் வேகமானது) அதே சோதனையைச் செய்யுங்கள். மூன்றாவதாக, எந்த அறையில் தொல்லையோ அந்த அறைக்குச் சென்று செய்யுங்கள். இதே மூன்று அளவுகளைக் காலையிலும் இரவு ஒன்பது மணியளவிலும் எடுத்துவைத்தால், பழுது எங்கே என்பது பெரும்பாலும் அந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

கேபிளில் திட்டத்தின் வேகம் முழுமையாகக் கிடைத்து அறையில் மட்டும் குறைந்தால் குறை வைஃபையில் இருக்கிறது. கேபிளிலேயே வேகம் இல்லையென்றால், ரவுட்டரை எங்கே நகர்த்தி வைத்தாலும் பயனில்லை. லேன் துளையுள்ள கணினி இல்லாதவர்கள் புதிய கைபேசி ஒன்றை ரவுட்டருக்கு அருகே வைத்துச் சோதிக்கலாம். அது கேபிளுக்கு ஈடாகாது என்றாலும் ஓரளவு உதவும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. திட்டத்தின் வேகம் மெகாபிட் கணக்கில் சொல்லப்படுகிறது. பதிவிறக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் மெகாபைட் கணக்கில் காட்டுகின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் திட்டத்தில் நொடிக்குச் சுமார் 12 மெகாபைட் என்று காட்டினால் இணைப்பு முழு வேகத்தில்தான் இயங்குகிறது.

கேபிளிலும் வேகம் இல்லை, அல்லது இணையமே இல்லை

இணைய நிறுவனம் சுவரில் பொருத்தித் தந்த ஓஎன்டி பெட்டியின் (ஃபைபரில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஃபைபரின் ஒளி பெட்டியை வந்தடையவில்லை என்று பொருள். உடனே தொலைபேசியை எடுக்காமல், அந்த மெல்லிய ஃபைபர் வயரை அது வீட்டுக்குள் நுழையும் இடம் வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். நம் வீடுகளில் வயரைப் பெரும்பாலும் ஜன்னல் வழியாகவே உள்ளே இழுத்துவிடுகிறார்கள். மழைக்காக ஜன்னலை இழுத்து மூடும்போது, கீழ்ச் சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில் வயர் நசுங்குகிறது. மேலுறையில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் தெரியும், உள்ளே கண்ணாடி இழையோ விரிசல் விட்டிருக்கும். பீரோவைத் தள்ளிவைத்தபோது பின்புறத்தில் வயர் கூர்மையாக மடங்கியிருப்பதும் உண்டு. மடிப்பை நீக்கி, உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றிவிட்டால் சில நேரங்களில் ஒளி திரும்பிவிடும். வெளியே கம்பத்தில் அணில் கடித்திருந்தால் நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும். ஃபைபரின் முனையைக் கழற்றி யாரும் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆபத்தானது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தும் வேகம் தடுமாறினால், உலாவியில் திறக்கும் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) பெறப்படும் ஒளியின் திறன் என்ன என்று பாருங்கள். அது டிபிஎம் அலகில் மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-ஐ நெருங்கினால், வீடுகளுக்கான ஃபைபர் கருவிகள் பலவற்றின் தாங்கும் எல்லைக்கே அது வந்துவிட்டது. இணைப்பு வந்தும் போயும் இருக்கும். அந்த எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் 200 அல்லது 300 மெகாபிட்டாக இருந்தும் சோதனையில் எப்போதும் 94, 95 என்றே வந்து நின்றால், வழியில் ஏதோ ஒன்று 100 மெகாபிட்டுக்கு மேல் விடவில்லை என்பது ஏறத்தாழ உறுதி. ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள கேபிளை முதலில் மாற்றிப் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்கு லேன் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். கேட் 5-இ அல்லது கேட் 6 கேபிள் போதுமானது. கேபிளை மாற்றியும் அதே எண் வந்தால், ரவுட்டரின் துளையே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில், வைஃபை வேகம் ஆயிரத்துக்கு மேல் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருப்பது இந்த வகைத் துளைதான். புதிதாக வாங்குவோர் கிகாபிட் துளை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

மாதக் கடைசியில் மட்டும் வேகம் திடீரென ஒரு குறைந்த எண்ணுக்கு இறங்கி அங்கேயே நின்றால், அது பழுதல்ல. வரம்பற்றது என்று விற்கப்படும் திட்டங்களிலும் நியாயப் பயன்பாட்டு அளவு என ஒன்று உண்டு; அது தீர்ந்ததும் வேகம் குறைக்கப்படும். நிறுவனத்தின் செயலியில் பயன்பாட்டைப் பாருங்கள். மேகத்தில் (கிளவுட் எனும் இணையச் சேமிப்பில்) பதிவுசெய்யும் கண்காணிப்புக் கேமராக்கள் இரவும் பகலும் இந்த அளவைத் தின்றுகொண்டிருக்கும்.

ரவுட்டர் அருகில் நன்றாக வருகிறது, உள்ளறையில் வருவதில்லை

வீடுகளில் அதிகமாகக் காணப்படும் குறை இதுதான். செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய குறையும் பெரும்பாலும் இதுதான். ஃபைபர் வயர் எங்கே நுழைகிறதோ அங்கேயே பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவது வழக்கம். அந்த இடம் வாசலை ஒட்டிய மூலையாக இருக்கும். சிக்னலில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதி இரண்டு சுவர், ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைத் தாண்டிப் படுக்கையறைக்கு வர வேண்டியிருக்கிறது.

ரவுட்டருக்கும் நீங்கள் அமரும் இடத்துக்கும் இடையே ஒரு நேர்க்கோட்டை மனத்தில் வரைந்து, அதில் குறுக்கிடும் பொருள்களைப் பாருங்கள். உலோகம் சிக்னலைத் தடுத்துத் திருப்புகிறது. ஆகவே ஸ்டீல் பீரோ, இரும்பு அலமாரி, பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் பின்னால் நிழல் விழுகிறது. தண்ணீர் அதை உறிஞ்சுகிறது. மீன் தொட்டியும் தண்ணீர் டிரம்மும் தடையே. ஒன்பது அங்குலச் செங்கற்சுவரை 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு கடந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அதில் மிகவும் தேய்ந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் எல்லாவற்றிலும் மோசமானது. கீழ்த்தளத்தில் ஒரு ரவுட்டரை வைத்து மாடி முழுவதும் நல்ல வேகத்தை எதிர்பார்ப்பது நடைமுறையில் கைகூடுவதில்லை.

இடத்தை மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள். ரவுட்டர் வீட்டின் நடுப்பகுதிக்கு வர வேண்டும். தரையிலிருந்து ஐந்து, ஆறு அடி உயரத்தில் இருக்க வேண்டும். டிவி அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ இருக்கக் கூடாது. ஃபைபர் நுழையும் இடத்தை மாற்ற முடியாதென்றால் ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும்; அதிலிருந்து பத்து மீட்டர் லேன் கேபிளைச் சுவரோரமாக இழுத்து, நடு அறையில் தனி ரவுட்டரை வைக்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆண்டெனாக்களை நிமிர்த்தி வையுங்கள். அவை தம் பக்கவாட்டில்தான் அதிகமாகப் பரப்புகின்றன. ஆண்டெனாவின் நுனி எந்தத் திசையை நோக்குகிறதோ அங்கேதான் சிக்னல் குறைவு. மாடிக்கும் கொஞ்சம் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வைத்துப் பாருங்கள்.

மாற்றத்தால் பயன் கிடைத்ததா என்பதை கைபேசியில் தெரியும் கோடுகளை வைத்து முடிவுசெய்யாதீர்கள். வைஃபை அளக்கும் இலவசச் செயலிகள் சிக்னலை டிபிஎம்மில் காட்டும். மைனஸ் 50-ஐ ஒட்டியிருந்தால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடையின்றி நடக்கும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் இணைப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும். ஒவ்வொரு அறையிலும், கதவை மூடிவைத்தும் திறந்துவைத்தும் அளந்து எழுதிவைத்தால், ரவுட்டரை எங்கே நகர்த்துவது என்பதில் குழப்பம் இருக்காது.

நகர்த்தியும் போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும். பலரும் முதலில் வாங்குவது ரிப்பீட்டர். அது கேட்டதையே திரும்பச் சொல்லும் கருவி. ஒரே பேண்டில் (அலைவரிசையில்) வாங்கி அதே பேண்டில் அனுப்புவதால் வேகம் பாதியாகக் குறைகிறது. அதிலும் சிக்னல் இல்லாத அறைக்குள்ளேயே அதைச் செருகிவிடுகிறார்கள். நல்ல சிக்னல் அதற்கே கிடைக்காதபோது அது எதைப் பரப்பும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் மைனஸ் 65 அளவில் உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும். இதைவிடப் பன்மடங்கு நல்ல வழி, லேன் கேபிள் ஒன்றை மாடிக்கோ உள்ளறைக்கோ கொண்டுசென்று அங்கே ஆக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும்) இன்னொரு ரவுட்டரை இயக்குவது. மெஷ் கருவிகள் (ஒரே வைஃபையைச் சேர்ந்து பரப்பும் பல பெட்டிகள்) வாங்கினாலும் அவற்றை ஒன்றோடொன்று கேபிளால் இணைக்க முடிந்தால் இணைத்துவிடுங்கள். புது வீடு கட்டுகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, மின்வயர் பதிக்கும்போதே ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனிக் குழாயை லேன் கேபிளுக்காக விடுங்கள் என்பதைத்தான். பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

சிக்னல் முழுதாகத் தெரிகிறது, இரவானால் வேகம் இல்லை

இரவில் கேபிள் வழியாகச் சோதித்து அங்கேயும் வேகம் குறைந்திருந்தால், நிறுவனத்தின் பாதையில் நெரிசல். நீங்கள் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது மிக இயல்பு.

2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் (பேண்டின் உட்பிரிவுகள்) மூன்றே: 1, 6, 11. சுற்றியுள்ள வீடுகள் அனைத்தும் இவற்றைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். வைஃபை அளக்கும் செயலியில் எது குறைவாக நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, அந்தச் சேனலை நிலையாக அமையுங்கள். 3, 4, 8 போன்ற இடைப்பட்ட எண்களைத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்துக்கும் இடைஞ்சல். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். 40 வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும், நெரிசலான இடத்தில் குறையவே செய்யும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே பேண்டில்தான் இயங்குகின்றன. யூஎஸ்பி 3.0 வகை ஹார்டு டிஸ்க்கை ரவுட்டரை ஒட்டி வைத்தாலும் அதன் இரைச்சல் இந்தப் பேண்டைக் கெடுக்கும்.

ஆகவே கைபேசி, மடிக்கணினி, டிவி ஆகியவற்றை முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவதே சரியான தீர்வு. அதில் இடம் தாராளம்; இந்தியாவில் 2018-இல் இந்தப் பேண்டின் பெரும்பகுதி உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. சேனல் 36 முதல் 48 வரையும், 149 முதல் 161 வரையும் வீட்டுக்கு ஏற்றவை. அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் வைக்கலாம். நடுவிலுள்ள 52 முதலான சேனல்கள் ராடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அங்கே ராடார் அலை என்று ரவுட்டர் ஐயுற்றாலே விதிப்படி அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். அதே வகைச் சேனல் ஒன்றுக்கு மாறினால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே அங்கே ஒலிபரப்ப முடியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் திடீரென மறைந்து சற்று நேரத்தில் திரும்பினால் காரணம் இதுவாக இருக்கலாம். சேனலை 36-க்கு மாற்றிப் பாருங்கள்.

இணைப்பு துண்டிக்கப்பட்டுத் தானாகவே மீண்டும் வருகிறது

துண்டிக்கப்படும் அந்த நேரத்தில் ரவுட்டரின் முன் நின்று விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்குகளும் அணைந்து ஒவ்வொன்றாக எரியத் தொடங்கினால், ரவுட்டர் அணைந்து மறுபடி இயங்குகிறது. இணையத்தில் குறையில்லை, மின்சாரத்தில்தான் குறை. ரவுட்டரோடு வரும் அடாப்டர் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பளு கூடும்போது அல்லது வீட்டின் மின்னழுத்தம் தாழும்போது தேவையான மின்னோட்டத்தைத் தர அதனால் முடியாது. அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு மாறாமலும், ஆம்பியர் அளவு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும்படியும் புதிதாக ஒன்று வாங்குங்கள். 12 வோல்ட் கருவிக்கு 9 வோல்ட் அடாப்டர் முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகக் கூடாது.

மின்தடையின்போது இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டர் அணைந்து எரிகிறது என்பது அடிக்கடி கேட்கும் முறையீடு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும் கண நேர இடைவெளியே இதற்குக் காரணம். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் என்று குறித்த ஒரு விசை இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறைந்து ரவுட்டர் தாக்குப்பிடிக்கும். இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் நல்ல தீர்வு. ஓஎன்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் பேட்டரி வேண்டும்; ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை என்று தவிப்பவர்கள் உண்டு.

விளக்குகள் அணையாமலேயே துண்டிக்கப்பட்டால் கணினியில் இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1-க்கும், மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8-க்கும் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்புங்கள். ரவுட்டரின் முகவரி உங்கள் வீட்டில் வேறாக இருந்தால் அதைக் கொடுங்கள். துண்டிக்கப்படும்போது இரண்டும் நின்றால் வைஃபையில் குறை. முதலாவது தடையின்றி ஓடி இரண்டாவது மட்டும் நின்றால் ரவுட்டருக்கு அப்பால் குறை. கோடையில் பிற்பகலில் மட்டும் இப்படி ஆனால் ரவுட்டரைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். பழைய ரவுட்டரை இரண்டாவதாக இணைத்தவர்கள், அதில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்தி ஆக்சஸ் பாயிண்ட் நிலையில் வைத்தீர்களா என்று சரிபாருங்கள். ஒரே வலைப்பின்னலில் இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்கினால், சில கருவிகள் தவறான முகவரியைப் பெற்று இணையமின்றி நிற்கும்.

வேகச் சோதனை நன்றாக வருகிறது, வீடியோ அழைப்பில் குரல் உடைகிறது

வேகம் வேறு, தாமதம் வேறு. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றிக்கொண்டிருக்கும்போதோ, கைபேசி புகைப்படங்களை மேகத்தில் சேமிக்கும்போதோ ரவுட்டரில் வரிசை நீண்டுவிடுகிறது. ஒற்றைக் கவுண்டரில் ஒருவர் மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டிருந்தால், ஒரு சீட்டோடு வந்தவரும் காத்துத்தான் ஆக வேண்டும். அழைப்பின் சிறு சிறு குரல் பொட்டலங்களுக்கும் அதே கதிதான். 8.8.8.8-க்கு பிங் அனுப்பியபடி வேகச் சோதனையை ஓட்டுங்கள். சும்மா இருக்கும்போது 10 அல்லது 20 மில்லிநொடியாக உள்ள தாமதம் அப்போது பல நூறாக ஏறினால் நோய் இதுவே. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் வசதி இருந்தால், உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 விழுக்காட்டை மேலேற்ற, பதிவிறக்க எல்லைகளாகக் கொடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் புகைப்படச் சேமிப்பை இரவு நேரத்துக்கு மாற்றுவதே பெரிய நிம்மதியைத் தரும்.

ஒரு கருவிக்கு மட்டும் தொல்லை, அல்லது சில தளங்கள் மட்டும் திறப்பதில்லை

ஸ்மார்ட் விளக்குகளும் பிரிண்டர்களும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்குபவை. அந்தப் பேண்டுக்குத் தனிப் பெயர் வைத்து இணையுங்கள். பழைய கருவி கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழையவில்லை என்றால், ரவுட்டரின் பாதுகாப்பை டபிள்யூபிஏ 3-இலிருந்து டபிள்யூபிஏ 2-ஐயும் ஏற்கும் கலப்பு நிலைக்கு மாற்றுங்கள். சில தளங்கள் மட்டும் திறக்காதபோது, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை இணைப்பில் எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா என்பதைச் சரிபாருங்கள்.

நிறுவனத்திடம் முறையிடும்போது

நெட் ஸ்லோ என்று மட்டும் சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதிலே வரும். கேபிளில் எடுத்த வேகம், எடுத்த நாள், நேரம், ஒளியின் திறன் காட்டும் படம், பிங் நின்றுபோன நேரங்கள் ஆகியவற்றை ஒரே செய்தியில் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆள் வரும்போது ஒளியின் திறனை மீட்டர் வைத்து உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். சரிசெய்த பின் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். புகார் தீராமலேயே முடிக்கப்பட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு அவருக்குக் கட்டணமின்றி முறையிடலாம்.